மூல ஓலையும் படி ஓலையும்: நியாயஸ்தலத்தில் சொல்லெழுதும் யந்திரம்

ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்பவர் நியாயாதிபதி. ஆயின் அத் தீர்ப்பு எதன்மேல் நிற்கின்றது என்று ஆராய்வோமாயின், சாக்ஷிகள் கூண்டில் ஏறிச் சொன்ன சொற்களின்மேலும், அச் சொற்களை எழுதி வைத்த ஏட்டின்மேலும் அது நிற்கக் காண்போம். சாக்ஷி சொல்லி இறங்கிவிடுகின்றான். வக்கீல்கள் வாதித்து அகன்றுவிடுகின்றனர். நியாயாதிபதியும் மாற்றலாகி வேறூர் சென்றுவிடுகின்றார். எஞ்சி நிற்பது ஏடு ஒன்றே. அப்பீல் கேட்கும் நியாயாதிபதிகள் சாக்ஷியின் முகத்தைக் கண்டவரல்லர், குரலைக் கேட்டவருமல்லர். செஷன்ஸ் கோர்ட்டு விதிக்கும் மரண தண்டனை, ஹைகோர்ட்டு உறுதி செய்தாலன்றி நிறைவேறாது என்பது நம் நாட்டுச் சட்டம். அவ்வுறுதியைத் தருவோரும் பெரும்பாலும் ஏட்டைப் பார்த்தே தருகின்றனர். ஆதலின், நியாயஸ்தலத்தில் சொற்களை எழுதுவோர் யாவர், எங்ஙனம் எழுதுகின்றனர் என்னும் விஷயம் ஒரு குமாஸ்தாவின் உத்தியோகத்தோடு முடிவதன்று. அது மனிதருடைய மானத்தையும் விடுதலையையும் உயிரையும் பற்றியதாகும்.

இவ்வேலையை மனிதர் கையினின்றும் வாங்கி யந்திரத்தின் கையில் கொடுக்கலாமா என்னும் விவாதம் இப்போது பல தேசங்களில் நடைபெற்று வருகின்றது. நம் நாட்டிலும் அது தொடங்கிவிட்டது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ஆம் தேதி, டில்லி சுப்ரீம் கோர்ட்டில் அரசியல் சாசன பெஞ்சு ஒன்றின் முன் நடந்த வாதங்கள், செயற்கை அறிவு படைத்த கருவியினால் உடனுக்குடன் எழுத்தில் வடிக்கப்பட்டன. கேரள ஹைகோர்ட்டு, தன் கீழுள்ள விசாரணைக் கோர்ட்டுகளில் சாக்ஷியங்களைப் பதிவு செய்ய 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து இத்தகைய கருவியைக் கையாளுமாறு உத்தரவிட்டது. பெஞ்சின் முன் வக்கீல்கள் செய்யும் வாதத்தை எழுதுவது வேறு. கூண்டில் நிற்கும் ஏழைச் சாக்ஷியின் வாய்மொழியை எழுதுவது வேறு. முன்னதில் பிழை நேரின் கற்றறிந்த வக்கீலே திருத்திக்கொள்வார். பின்னதில் திருத்துவார் யார் என்பதே நாம் ஈண்டு ஆராய வேண்டுவது.

முதற்கண் பழைய முறையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பேச்சின் வேகத்திற்குச் சாதாரண எழுத்து ஈடுகொடாது. ஆகையால் மேனாட்டார் சுருக்கெழுத்தைக் கண்டனர். லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தாமஸ் கர்னி என்பவர் சுருக்கெழுத்தாளராக இருந்தார். அவருடைய முறையைக் கற்று, பின்னாளில் கோர்ட்டு நிருபராகத் தொழில் செய்தவருள் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர். அக்கலையைப் பயிலுவதற்குப் பட்ட பாட்டை அவர் டேவிட் காப்பர்பீல்டு என்னும் நூலில் நகைச்சுவையோடு விவரித்திருப்பதை நம் மாணவர் பலர் படித்திருப்பர். 1837-இல் ஐசக் பிட்மன் ஒலியை அடிப்படையாகக் கொண்ட தம் முறையை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வார்டு ஸ்டோன் அயர்லாந்து என்பவர் ஸ்டெனோடைப் என்னும் விசைப்பலகை யந்திரத்தை உருவாக்கினார். ஆர்மோனியத்தில் பல கட்டைகளை ஒருங்கே அழுத்துவது போல அதில் பல விசைகளை ஒருங்கே அழுத்தி, ஓர் அசையையோ சொல்லையோ ஒரே அடியில் பதியலாம். அந்நாட்டுத் தேசிய சங்கத்தார் நடத்தும் பரீக்ஷையில் தேற விரும்புவோர் சாக்ஷியப் பேச்சை நிமிஷத்திற்கு 225 சொல் வீதம், நூற்றுக்கு 95 சரியாக எழுதவேண்டும். இது எளிதில் கைவருவதன்று. பல்லாண்டு பயிற்சியின் பயன்.

இத்தகைய வல்லோர் தொகை குறைந்து வருவதே அங்கு விவாதம் முற்றியதற்குக் காரணம். கலிபோர்னியா மாகாணத்துச் சட்டம், சிறு குற்றங்கள், குறைந்த தொகைச் சிவில் வழக்குகள் முதலிய சிலவற்றில் மாத்திரமே மின்கருவி ஒலிப்பதிவை அனுமதித்து, ஏனையவற்றில் மனிதரே எழுத வேண்டுமென்று விதித்திருந்தது. எழுதுவோர் போதாமையால் பல வழக்குகளில் ஒருவருமே எழுதவில்லை. பணமுடையோர் தம் செலவில் ஒருவரை அமர்த்திக்கொண்டனர். இல்லாதோர் ஏடே இன்றி நின்றனர். இதன் கொடுமையை ஜேம்சன் எதிர் தெஸ்தா என்னும் வழக்கு உலகறியச் செய்தது. சிறைக் கைதி ஒருவர் வைத்தியர் ஒருவர்மீது வழக்குத் தொடுத்தார். ஏழை என்று கோர்ட்டுக் கட்டணத்தினின்று விலக்குப் பெற்றவர் அவர். எனினும் விசாரணையில் சுருக்கெழுத்தாளரை அவருக்குக் கோர்ட்டார் அளிக்கவில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று. அப்பீலில், நடந்ததைக் காட்ட ஏடில்லை என்னும் காரணத்தால் மீண்டும் தோற்றார். 2018 ஜூலையில் அம்மாகாணத்து உச்ச கோர்ட்டு அதனை மாற்றி, கட்டண விலக்குப் பெற்ற ஏழைக்கு ஏடு கிடைக்கும் வழியைக் கோர்ட்டே செய்துதர வேண்டுமென்று தீர்த்தது. பின்னர் 2024 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டார், எழுதுவோர் கிடையாத சில வகை வழக்குகளில் ஒலிப்பதிவு செய்ய இடமளித்து உத்தரவிட்டனர்.

இனி இரு சாராருடைய வாதங்களையும் நடுவுநிலைமையோடு எடுத்து வைப்போம். யந்திரத்தை வேண்டுவோர் கூறுவதாவது: யந்திரம் களைப்படையாது, விடுப்பு எடாது, சம்பளம் கேளாது, எவரிடமும் கைந்நீட்டாது. ஒலியைப் பதிந்துவிட்டால் சாக்ஷி சொன்னதும், வக்கீல் கேட்டதும், நியாயாதிபதி குறுக்கிட்டதும் அப்படியே இருக்கும். பல ஆண்டு கழிந்தும் கேட்கலாம். வழக்குகள் மலைபோல் குவிந்து கிடக்கும் நாட்டில் விரைவு ஒன்றே பெரிய தர்மம் என்பது அவர் கொள்கை.

மறுப்போர் கூறுவதாவது: இருவர் ஒருங்கே பேசினால் யந்திரம் மயங்கும். மின்விசிறியின் இரைச்சலும், வெளியே மோட்டாரின் ஓசையும், இருமலும் அதற்கு ஒன்றே. மனித எழுத்தாளர், கேளாத இடத்தில் கையை உயர்த்தி, “மீண்டும் சொல்லுக” என்று கேட்பார். யந்திரம் கேளாது, தனக்குத் தோன்றியதை எழுதிச் செல்லும். மேலும், எழுதியவர் தாம் எழுதியது சரியென்று கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கின்றார். யந்திரம் எதற்கும் பொறுப்பேற்பதில்லை.

இவ்விரண்டாவது சாராரின் அச்சம் வீண் என்று தள்ளத்தக்கதன்று. 2020-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, அமேசான், ஆப்பிள், கூகிள், ஐபிஎம், மைக்ரோசாப்ட் என்னும் ஐந்து பெருங் கம்பெனிகளின் பேச்செழுத்துக் கருவிகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழைகளும், கறுப்பு அமெரிக்கர் பேச்சில் 35 பிழைகளும் நேர்ந்தன. மற்றோர் ஆராய்ச்சி 2024-இல் விஸ்பர் என்னும் கருவியைப் பற்றி வெளியாயிற்று. சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றில், எவரும் பேசாத சொற்றொடர்களை அக்கருவி தானாகவே இட்டு நிரப்பியிருந்தது. பேச்சினிடையே மௌனம் நீளுமிடத்தில் இத்தகைய கற்பனை மிகுதியாக நேர்ந்தது. நண்பர்களே, இதனைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விக்கு விடை சொல்லாது சாக்ஷி வாளா நிற்பானாயின், அம் மௌனமே ஒரு சாக்ஷியம். அவ்விடத்தை யந்திரம் தன் சொல்லால் நிரப்புமாயின், அது பிழையோடு நில்லாமல் பொய்ச் சாக்ஷியமே ஆகிவிடுகின்றது.

எனினும் மனிதர் எழுதியதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ளுதலும் கூடாது. பிலடெல்பியா நகரத்துக் கோர்ட்டு எழுத்தாளர் 27 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2019-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 95 சரியாக எழுத வல்லவரென்று நற்சாக்ஷிப் பத்திரம் பெற்ற அவர்களே, கறுப்பு அமெரிக்கரின் பேச்சு வழக்கில் அமைந்த வாக்கியங்களில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டவற்றை ஏதேனும் ஒரு வகையில் பிழைபட எழுதினர். அவர்கள் தீய நோக்குடையவரல்லர். பழகாத பேச்சு செவியில் விழும்போது மனிதர் செவியும் மயங்குகின்றது. ஆகவே, செவி யந்திரத்தினுடையதாயினும் மனிதருடையதாயினும், எளியோர் பேச்சே முதலில் சிதைவுறுகின்றது என்பது வெளிப்படை.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். நம் விசாரணைக் கோர்ட்டுகளில் சாக்ஷி சொல்வதை நேரே ஒருவர் சொல்லுக்குச் சொல் எழுதுவதாக எண்ணுவோர் உண்டாயின், அவர் கோர்ட்டைக் கண்டவரல்லர். வக்கீல் கேட்கின்றார், சாக்ஷி தன் ஊர்ப் பேச்சில் விடை கூறுகின்றான், நியாயாதிபதி இரண்டையும் ஒன்றாக்கி, ஏட்டுத் தமிழில் வாக்கியமமைத்து டைப்பிஸ்டுக்குச் சொல்லுகின்றார். கேள்வி மறைந்து விடை மட்டும் கதைபோல நிற்கின்றது. “நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல” என்னும் வாக்கியத்தைப் படிப்போருக்கு, சாக்ஷி உண்மையில் சொன்னது “யாரு சொன்னா? நான் அங்கதானே நின்னேன்” என்பதாயிருக்கலாம் என்று எங்ஙனம் தெரியும்? செஷன்ஸ் விசாரணையில் சாக்ஷியத்தை இவ்வாறு கதை நடையில் எழுதுவதையே சட்டம் பொது விதியாக வைத்து, கேள்வி விடையாக எழுதுவதை நியாயாதிபதியின் விருப்பத்திற்கு விட்டிருக்கின்றது. 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்திலிருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையிலும் தொடர்கின்றது. பின்னர் அத் தமிழ் ஏடு சுப்ரீம் கோர்ட்டு வரை செல்லுமாயின் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படுகின்றது. இவ்வாறு வாய்மொழி ஏட்டுத் தமிழாகி, ஏட்டுத் தமிழ் ஆங்கிலமாகி, மூன்றாம் கையில்தான் முடிவான தீர்ப்புக்கு வருகின்றது. மொழிபெயர்ப்பு யந்திரங்களின் திறமோ நாம் அறிந்ததே. அப்பீலுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை, விடுமுறை அளிக்கப்பட்டது என்று யந்திரம் ஹிந்தியில் பெயர்த்ததைச் சுப்ரீம் கோர்ட்டு நியாயாதிபதி ஒருவரே எடுத்துக் காட்டியதுண்டு.

தமிழ்ப் பேச்சுக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். ‘அடித்தான்’ என்பதைப் பேச்சில் ‘அடிச்சான்’ என்போம். ஈற்று னகரம் முழுதும் ஒலியாது மூக்கொலியாகத் தேய்ந்து நிற்கும். ‘அடித்தாள்’ என்பது ‘அடிச்சா’ என்றாகும். ‘அடித்தால்’ என்பதும் ‘அடிச்சா’ என்றே ஆகும். ஆண் அடித்தானா, பெண் அடித்தாளா, அடித்தால் என்னும் ஐயப்பேச்சா என்பது ஒரு சிறு மூக்கொலியிலும், பேசுவோன் குரலின் ஏற்ற இறக்கத்திலும் அடங்கிக் கிடக்கின்றது. இம் மூன்றனுள் ஒன்று குற்றவாளியைக் காட்டும். ஒன்று மற்றொருவரைக் காட்டும். ஒன்று எவரையும் காட்டாது. நெல்லைச் சீமையிலும், கொங்கு நாட்டிலும், நாஞ்சில் நாட்டிலும், கடற்கரைப் பரதவர் குப்பங்களிலும் இம் மொழி வெவ்வேறாக ஒலிக்கின்றது. பட்டணத்தார் பேச்சையும் வானொலிப் பேச்சையும் கேட்டுப் பழகிய யந்திரம் இவற்றை எங்ஙனம் பகுத்தறியும்? அம்மண்ணில் பிறந்த பெஞ்சு கிளார்க்கு ஒருவர் உடனே அறிவார்.

அப்படியாயின் யந்திரத்தை விலக்கிவிடலாமா? அதுவும் எனக்கு உடன்பாடன்று. பெரிய புராணத்தில் ஒரு வழக்கு உண்டு. திருமணப் பந்தலில் வந்த முதியவர் ஒருவர், மணமகனாகிய சுந்தரர் தமக்கு அடிமையென்று ஓலை காட்டுகின்றார். சுந்தரர் சினந்து அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கின்றது. அங்கு முதியவர், கிழிக்கப்பட்டது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் சொல்லி அதனை எடுத்துக் காட்டுகின்றார். சபையார் எழுத்தை ஒப்பிட்டு நோக்கித் தீர்ப்புக் கூறுகின்றனர். பக்தி நூலாயினும், ஆவணத்தின் இயல்பை நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக் கதை சான்று. படியில் குறை நேரின் மூலத்தைக் காட்டுவதே வழக்குத் தீரும் வழி.

நம் கோர்ட்டுகளில் இதுகாறும் இருந்து வந்த பெருங்குறை, வாய்மொழிச் சாக்ஷியத்திற்கு மூல ஓலை என்பதே இல்லாமைதான். டைப்படித்த ஏடு ஒரு படியோலை. அதன் மூலம் சாக்ஷியின் குரல். அதுவோ அன்றே காற்றிற் கலந்துவிட்டது. அப்பீலில் ஒருவர், “சாக்ஷி இப்படிச் சொல்லவில்லை” என்று முறையிட்டால் ஒப்பிட்டு நோக்குவதற்கு ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு யந்திரம் இக்குறையை நீக்க வல்லது. வரலாற்றில் முதன்முறையாக எளியவனுடைய சொல், அவன் சொன்னபடியே, அவன் ஊர்ப் பேச்சிலேயே, மேல் கோர்ட்டு வரை செல்லக்கூடும். இதனை வேண்டாமென்பது அறிவுடைமையாகாது. ஆனால் அந்த ஒலியைக் கேட்டு யந்திரம் தானே எழுதித் தரும் எழுத்து இன்னொரு படியோலையே. அதனை மூலமாகக் கொள்வதே பெரும் பிழை. இவ்விவாதத்தில் இரு சாராரும் ஒலிப்பதிவையும் யந்திர எழுத்தையும் ஒன்றாகக் கலந்து பேசுகின்றமையாலேயே குழப்பம் நேர்கின்றது என்பது என் துணிபு.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் செய்ய வேண்டுவன தெளிவாகும். முதலாவது, ஒவ்வொரு சாக்ஷியத்தின் ஒலிப்பதிவும் மூலமாகப் பாதுகாக்கப்பட வேண்டும்; வழக்கின் இரு தரப்பாருக்கும், பணமுள்ளவர் இல்லாதவர் என்னும் பேதமின்றி, அது கிடைத்தல் வேண்டும். குற்றவாளி எனப்படுபவரின் வக்கீல் முன்னிலையில் சாக்ஷியத்தை ஒலி ஒளிக் கருவியால் பதியலாம் என்று 2008-ஆம் ஆண்டுத் திருத்தமே கூறிவிட்டது. ‘பதியலாம்’ என்பது ‘பதிய வேண்டும்’ என்றாதல் நன்று.

இரண்டாவது, யந்திரம் எழுதிய ஏட்டைப் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். சுருக்கெழுத்தாளருடைய பிழைப்பு போய்விடுமே என்று வருந்துவோருக்கும் இதுவே விடை. நம் ஊர்தோறும் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் பயின்று சர்க்கார் பரீக்ஷையில் தேறும் இளைஞர்களின் செவியும் மொழியறிவும் இனியே மிகுதியும் வேண்டப்படும். கையின் வேலை குறைந்து, செவியின் வேலையும் மனச்சாக்ஷியின் வேலையும் பெருகும்.

மூன்றாவது, எழுதிய சாக்ஷியத்தைச் சாக்ஷிக்குப் படித்துக் காட்டி, பிழை உண்டாயின் திருத்த வேண்டுமென்னும் பழைய விதி நம் சட்டத்தில் இன்றும் உண்டு. சாக்ஷி ஒரு பகுதியை மறுத்தால், நியாயாதிபதி அதனைத் திருத்தாமல் மறுப்பை மட்டும் குறித்துக்கொள்ளவும் அவ்விதி இடந்தருகின்றது. அவசரம் மிகுந்த நாளில் இப்படித்துக் காட்டுதல் ஒரு சடங்காகிவிடுதல் கூடும். யந்திரத்தினால் மிஞ்சும் நேரத்தை இதற்குச் செலவிடுவோமாயின் அதுவே யந்திரம் தந்த மெய்யான லாபம்.

நான்காவது, யந்திரம் காணாதவற்றை நியாயாதிபதியே எழுதுதல் வேண்டும். சாக்ஷி நடுங்கினானா, தலையசைத்தானா, கூண்டிலிருந்தவனை நோக்கி விரல் நீட்டினானா என்பவை ஒலியில் பதியமாட்டா. சாக்ஷியின் நடத்தையைப் பற்றிக் குறிப்பெழுதும் அதிகாரத்தைச் சட்டம் நியாயாதிபதிக்கு அளித்திருப்பது இதற்காகவே.

ஐந்தாவது, எக்கருவியாயினும் ஜில்லா தோறும் அவ்வப் பேச்சுவழக்கில் சோதித்து, அதன் பிழைக் கணக்கை யாவரும் அறிய வெளியிட்ட பின்னரே கோர்ட்டில் அனுமதித்தல் வேண்டும். பெண்களின் மானம் பற்றிய வழக்குகள் மூடிய கதவுக்குள் நடைபெறுகின்றன. அக்குரல்கள் அயலார் கம்பெனியின் யந்திரங்களில் தங்குமாயின் கதவை மூடிப் பயனில்லை. இப்பதிவுகள் கோர்ட்டாரின் சொந்தக் காவலிலேயே இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்யப் பொருட்செலவு மிகுமே, சுப்ரீம் கோர்ட்டின் நடைமுறையை முன்சீப் கோர்ட்டில் எதிர்பார்க்கலாமா என்று சிலர் ஆக்ஷேபிப்பர். மின்சாரம் நின்றால் யந்திரமும் நிற்கும் ஊர்கள் உண்டென்பது மெய்யே. ஆயின் நேர்வழி யாது என்பதில் இவ்வாக்ஷேபணை மாறுதல் எதனையும் செய்வதில்லை. எவ்வளவு விரைவில் செல்லலாம் என்பதையே அது காட்டுகின்றது. ஒலிப்பதிவு செய்யும் கருவி இப்போது மலிவு. ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதருக்கே செலவு. அச்செலவைத் தவிர்க்க எண்ணி மனிதரை நீக்கிவிட்டு யந்திர எழுத்தை மட்டும் வைத்துக்கொள்வோமாயின், சர்க்கார் கஜானாவில் மிஞ்சும் பணத்தை நிரபராதி ஒருவன் சிறையிலிருந்து கொடுத்துத் தீர்ப்பவனாவான். எந்த நகரத்தில் விசாரணை தவறி ஒரு வணிகன் கொலையுண்டானோ, அந்த மதுரையின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். ஒரு தரப்பின் சொல்லை மட்டும் கேட்டு மறு தரப்பைக் கேளாது விட்டதன் பயனை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் கல்லூரி மாணவருள் பலர் நாளை வக்கீல்களாகவும், சிலர் நியாயாதிபதிகளாகவும், சிலர் இக் கருவிகளைச் செய்யும் எஞ்சினீயர்களாகவும் ஆவர். வக்கீலாவோர், யந்திரம் எழுதியதென்ற காரணத்தால் ஏட்டை ஐயுறாது ஏற்க வேண்டா. ஒலியைக் கேட்கும் உரிமையை விடாது கேட்பீர்களாக. எஞ்சினீயராவோர், கேளாததைக் கேளாதது என்றே எழுதும் யந்திரத்தைச் செய்யுங்கள்; அறியாததை அறிந்தது போல எழுதும் யந்திரம் எத்துணை விரைந்து எழுதினும் சபைக்கு ஏற்றதன்று. நியாயாதிபதியாவோர், கூண்டில் நிற்கும் மனிதன் இறங்குமுன், “நீ சொன்னது இதுதானா?” என்று அவனையே ஒருமுறை கேளுங்கள். அவன் ஆம் என்று தலையசைத்த பின்னரே ஏடு முற்றுப்பெறுவதாகுக.